வெறும் பொன்வட்டம்

ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்களைப் பற்றி இரண்டு அபிப்ராயங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நுகர்வுச் சமூகத்தின் மீதான கிண்டல் என்பது ஒன்று. அதற்குப் பாடிய துதி என்பது மற்றது. படங்களைப் பார்க்காமலே இரண்டையும் சொல்லிவிட முடியும் என்பதுதான் என் ஆட்சேபம்.

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் காலரியில் 32 கான்வாஸ்கள், மளிகைக் கடையில் டப்பாக்களை அடுக்கியதுபோல் வரிசையாக வைக்கப்பட்டன. காம்ப்பெல் கம்பெனி அப்போது விற்ற 32 வகை சூப்புக்கும் வகைக்கு ஒன்று. பக்கத்துக் காலரியில் நிஜ டப்பாக்களை ஜன்னலில் அடுக்கி, இங்கே விலை மலிவு என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு. நிஜ லேபிள் யந்திரத்தில் அச்சானது. வார்ஹோல் கையால் தீட்டியிருக்கிறார். அடிவிளிம்பின் பூ வரிசையும் கையால் குத்திய முத்திரை. ஒரே சீராக விழவில்லை. ஸில்க்ஸ்கிரீனுக்கு அவர் போனது அதே வருஷம், சற்றுப் பின்னால்.

இன்னொன்று இதைவிட முக்கியம். நிஜ லேபிளின் நடுவில், 1900 பாரிஸ் கண்காட்சியில் கம்பெனி பெற்ற தங்கப் பதக்கம் உருவங்களோடு அச்சாகியிருக்கும். வார்ஹோல் அந்த உருவங்களை விட்டுவிட்டார். இருப்பது வெறும் பொன்வட்டம்.

இந்தப் படங்களின் விமர்சனம் முழுவதும் அந்தக் காலி வட்டத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். 1897இல் ஜான் டோரன்ஸ் என்ற ரசாயன நிபுணர் சூப்பிலிருந்து பெரும்பகுதித் தண்ணீரை நீக்கி டப்பாவைச் சிறிதாக்கினார். வாங்குகிறவர் தண்ணீர் சேர்த்துச் சுடவைத்தால் போதும். சமைக்கும் வேலையை டப்பா எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் வேலையைச் சிவப்பு வெள்ளை லேபிள் எடுத்துக்கொண்டது. பதக்கம் ஆரம்பத்தில் ஒரு சாட்சியம், வெளியார் தந்த தீர்ப்பு. பழக்கம் ஏறியபின் சாட்சியத்தை யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் பொன்னிறமாக ஏதோ இருந்தால் சரி. ஒரு பெயருக்குக் காட்டும் விசுவாசத்தை நம்பிக்கை என்று சொல்வது தாராளம். மறுபடி ருசி பார்க்கும் சிரமம் இல்லாமற் போனதன் நிம்மதி அது.

படங்களும் இதிலிருந்து தப்பவில்லை. காட்சியில் அவற்றின் விலை தலா 100 டாலர். காலரியின் இர்விங் ப்ளம் 32ஐயும் சேர்த்து 1000 டாலருக்குத் தவணையில் வாங்கிக்கொண்டார். 1996இல் சுமார் 1.5 கோடி டாலர் மதிப்பில் அவை நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துக்குப் போயின. 2012இல் காம்ப்பெல் கம்பெனியே வார்ஹோல் பாணி லேபிள் ஒட்டிய டப்பாக்களை விற்றது. கலைஞனின் பெயரே பதக்கமாகிவிட்டபின், பூ முத்திரை எங்கே பிசகியிருக்கிறது என்று தேடிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

தொடர்கதைக்காரரின் பெயருக்காகவே வாரப் பத்திரிகை வாங்கும் வாசகரைப் பற்றி நாம் இளப்பமாகப் பேசிவந்திருக்கிறோம். 300 பிரதிப் பத்திரிகையில் வந்தது என்ற ஒரே தகுதியில் எத்தனை கவிதைகளைப் படித்ததாகப் பாவித்து ஒப்புக்கொண்டிருக்கிறோம்? நம் பட்டியல்களில் வருஷக்கணக்காக இருக்கும் பெயர்களை எடுத்து, அவர்களுடைய ஏதேனும் ஒரு கதையை இன்று மறுபடி படிக்கலாம். சில பெயர்கள் நிற்கும். நிற்காதவற்றையும் எழுதிச் சொல்ல இந்தப் பக்கங்களில் இடம் இருக்கவேண்டும்.