பாலத்துக்கு எந்தப் பக்கம்? மதர்போர்டை ரசிக்கும் முறை

இன்டெலும் ஏஎம்டியும் 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசுக்கு வந்தன. 1985இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு, பெருநிலத்துத் தோட்டங்களின் வாசலில் ஃபெக்டரி பஸ் நின்று நம் அக்காமாரை ஏற்றிக்கொண்டு போனது. பலரது வீட்டிலிருக்கும் ரைசன் செயலியின் உலோக மூடியைப் பாருங்கள், 'மேட் இன் மலேசியா' என்று பொறித்திருக்கும். நிபோங் திபாலில் ட்ரான்ஸ்கிரியான் பக்கம் ஒரு பல்கலைக்கழகப் பொறியியல் வளாகமே இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டு, "மதர்போர்டா? அது நமக்கு எதுக்கு, கடைக்காரன் போடுறதைப் போடட்டும்" என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை நடுவீட்டில் பிரித்துப் போட்டு உட்காருகிற அதே ஆள்தான் இப்படி ஒதுங்கி நிற்கிறான்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதலில் சாக்கெட். ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரை எல்ஜிஏ1700, கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்ஜிஏ1851. ஒன்றில் இன்னொன்று உட்காராது. டிடிஆர்4 மெமரி டிடிஆர்5 துளையில் இறங்காது, வெட்டு இடம் மாறியிருக்கும். அளவில் ஏடிஎக்ஸ் என்றால் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சாக்கெட் பொருந்தினாலும் பலகையிலுள்ள பயாஸ் பழையதாக இருந்தால் புதுச் செயலியை அது அடையாளம் காணாது. தயாரிப்பாளரின் செயலிப் பட்டியலில் உங்கள் செயலிக்கு நேரே எந்த பயாஸ் எண் இருக்கிறது என்று பாருங்கள். செயலி இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் பின்புறம் இருந்தால் அந்தப் பலகைக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். மெமரியை இரண்டு குச்சியோடு நிறுத்துங்கள். ரைசன் 7000இல் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 5200, நான்கு போட்டால் 3600தான். நான்கு துளையும் நிரம்பியிருந்தால் அழகு என்பவர்கள் வேகத்தைக் காசு கொடுத்துக் குறைக்கிறார்கள்.

போதும். இனி நான் உண்மையில் பேச வந்ததைப் பேசுகிறேன்.

மதர்போர்டில் ரசிக்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தத் துளை எங்கிருந்து வருகிறது? செயலியிலிருந்து நேராகவா, பலகையிலுள்ள துணைச் சில்லான சிப்செட் வழியாகவா? வெளியே பார்த்தால் இரண்டும் டிஸ்க் மாட்டும் ஒரே எம்.2 துளை, ஒரே திருகாணி. உள்ளே இரண்டும் வேறு ஊர்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கப் படம் வரைய வேண்டியதில்லை. செயலிதான் தீவு, சிப்செட் பெருநிலம். நடுவில் பாலம். பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் சாலையை எத்தனை வழியாக அகலப்படுத்தினாலும், காலை ஏழு மணிக்கு எல்லோரும் அந்த ஒரே பாலத்தில்தானே ஏற வேண்டியிருந்தது? சிப்செட்டும் அப்படித்தான். அதன் பக்கம் மூன்று எம்.2, நான்கு சாட்டா, எட்டு யுஎஸ்பி, நெட்வொர்க் என்று எத்தனை வைத்தாலும் அத்தனையும் செயலிக்குப் போகும் வழி ஒன்றுதான். ஏஎம்5 பலகைகளில் அந்தப் பாலம் பிசிஐஇ 4.0 தரத்தில் நான்கு தடம், நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். இன்டெலின் இசட்790, இசட்890 பலகைகளில் எட்டுத் தடம், 16 ஜிகாபைட். அதே இன்டெலின் பி760, பி860 பலகைகளில் நான்குதான். பெட்டியில் 'பி', 'இசட்' என்ற எழுத்துக்கு ஏன் விலை ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இந்தப் பாலம்.

ஏஎம்5இல் ரைசன் 7000, 9000 செயலியிடம் மொத்தம் 28 தடங்கள். 4 பாலத்துக்குப் போகும். 16 கிராபிக்ஸ் அட்டைக்கு, 4 முதல் எம்.2 துளைக்கு. மிச்சம் 4. அந்த நான்கை ஒரு நிறுவனம் என்ன செய்கிறது என்பதில்தான் அதன் குணமே தெரியும். சிலர் இரண்டாவது எம்.2வுக்குக் கொடுப்பார்கள். எக்ஸ்870 பலகைகளில் யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால் பலர் அதற்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவது எம்.2வையும் அதே தடத்தில் தொங்கவிடுவார்கள். டிஸ்க் போட்டால் யுஎஸ்பி4 பாதியாகும், அல்லது பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது என்பது கையேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும்.

எக்ஸ்870இ போன்ற பெரிய பலகைகளில் சிப்செட் இரண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று. இரண்டாவதில் மாட்டிய டிஸ்கின் நிலை பாரிட் புந்தாரிலிருந்து தீவுக்கு வேலைக்குப் போகிறவர் நிலைதான். முதலில் கிரியான் ஆற்றைத் தாண்ட வேண்டும், பிறகு எல்லோரோடும் சேர்ந்து கடல் பாலத்தில் ஏற வேண்டும்.

பழைய பலகைகளில் இந்தச் சில்லுகளின் பெயரே பாலம்தான். வடபாலம், தென்பாலம். வடபாலம் மெமரியையும் கிராபிக்ஸையும் செயலியோடு இணைத்தது, தென்பாலம் டிஸ்க், யுஎஸ்பி முதலியவற்றைப் பார்த்துக்கொண்டது. 2003இல் ஏஎம்டி அத்லான் 64இல் மெமரிக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள் இழுத்துக்கொண்டது. 2008இல் இன்டெலும் அதைச் செய்தது. வடபாலம் அப்படியே தீவுக்குள் கரைந்துபோய்விட்டது. இன்று சிப்செட் என்று நாம் சொல்வது தென்பாலத்தின் வாரிசு. பலகையை நிறுத்திவைத்துப் பார்த்தால் அது இன்னமும் தெற்கே, வலது மூலையில் உட்கார்ந்திருக்கும்.

"இந்த வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள்" என்று யூடியூப் விமர்சகர்கள் அடித்துச் சொல்கிறார்கள். கேம் விளையாடி மட்டும் பார்த்தவர் அப்படித்தான் சொல்வார். ஒரு திங்கட்கிழமைக் காலை கல்யாண வீடியோ எடுப்பவரின் மேசைக்கு வந்து பாருங்கள். இரண்டு கேமராக் கார்டு, ஒரு வெளி டிஸ்க், மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே ஏற்றிக்கொண்டு, சிப்செட் பக்கத்து எம்.2விலிருந்து எடிட்டிங்கும் ஓட்டினால், எல்லாம் ஒரே திசையில் பாலத்தில் ஏறும். அங்கே உணர்வீர்கள். இதிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பிசிஐஇயின் ஒவ்வொரு தடத்திலும் போக்குக்கும் வரவுக்கும் தனித்தனிக் கம்பி. சிப்செட் பக்கத்து டிஸ்க் ஒன்றிலிருந்து பக்கத்து டிஸ்குக்கு நகல் எடுத்தால் தரவு தீவுக்குப் போய்த்தான் திரும்பும், ஆனால் எதிரெதிரே போவதால் மோதாது. நெரிசல் ஒரே திசையில் போகிறவர்களுக்கு மட்டும்தான்.

பெட்டியைத் திறந்து, உலோகத்தைத் தடவி, விளக்கை எரியவிட்டு, அட்டையில் அச்சிட்டிருப்பதை உரக்க வாசிப்பது விமர்சனம் ஆகாது. வெள்ளைப் பலகை, கண்ணாடிப் பெட்டி, ஓடுகிற வண்ண விளக்கு, இவை அலங்காரம். 'கேமிங்' என்று எழுதிய பலகைக்கும் எழுதாத பலகைக்கும் வேறுபாடு பல சமயம் அந்த எழுத்து மட்டுமே. இந்த மோகத்தால்தான் புதிதாக வருகிறவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்து விலகிப் போகிறார்கள்.

யுஎஸ்பி பெயர் வைத்தவர்களும் புதியவரை விரட்டியவர்கள்தாம். 2008இல் வந்த 3.0, பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன் பிறகு 3.2 ஜென் 1. மூன்று பெயருக்கும் வேகம் அதே 5 ஜிகாபிட். பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்: 5, 10, 20, 40. 'டைப்-சி' என்பது வாயின் வடிவம் மட்டும். அதற்குள் 480 மெகாபிட்டும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டும் இருக்கலாம்.

சரி, உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு பலகையில் மூன்றாவது எம்.2 டிஸ்கை மாட்டினேன். அடுத்த முறை கணினி எழுந்தபோது, குடும்பப் படங்கள் இருந்த சாட்டா டிஸ்க் காணாமல் போயிருந்தது. இரவு இரண்டு மணி வரை கேபிளை மாற்றி மாற்றிப் போட்டேன். டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைத்தேன், அம்மாவின் கடைசிப் பொங்கல் படங்கள் அதில் இருந்தன. கையேட்டில் ஒரே வரி: மூன்றாவது எம்.2 பயன்பட்டால் சாட்டா 5, 6 இயங்காது. கேபிளை இரண்டாம் எண்ணுக்கு மாற்றியதும் படங்கள் வந்தன. அன்றிலிருந்து கையேட்டைப் படிக்காமல் நான் பலகை வாங்குவதில்லை. எல்லா நிறுவனங்களும் கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகின்றன. சிலவற்றில் கட்டப் படம் இருக்கும்: நடுவே செயலி, அதிலிருந்து கோடுகள். படம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு துளைக்கும் செயலியிலிருந்தா சிப்செட்டிலிருந்தா என்று எழுதியிருக்கும்.

போன மாதம் அக்கா மகனோடு கடைக்குப் போனேன். கல்யாண வீடியோ வேலையில் இறங்கியிருக்கிறான். யுஎஸ்பி4 வேண்டும் என்று எக்ஸ்870 பலகையைக் கையில் வைத்திருந்தான். கைப்பேசியில் கையேட்டைத் திறந்து கோடுகளை விரலால் தொடர்ந்தோம். அவனிடம் 40 ஜிகாபிட் சாதனம் ஒன்றுகூட இல்லை, கார்டு ரீடர் 10 ஜிகாபிட். ஆனால் வேகமான எம்.2 இரண்டு இருந்தது. செயலியிலிருந்தே இரண்டு எம்.2வும் வரும் ஒரு பி850 பலகையை எடுத்தான். மிச்சப் பணத்தில் இன்னொரு டிஸ்க். அதைச் சாட்டா 1இல் மாட்டினோம்.