மாதம் ஒரு பக்கம்

ஜேம்ஸ் ஜாய்ஸ் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் எழுதி 1939இல் வெளியிட்ட ‘ஃபின்னகன்ஸ் வேக்’ நாவலைத் தனியாக வாசித்து முடித்தவர்களும் உண்டு. ஆனாலும் அந்த நூலை உயிரோடு வைத்திருப்பவை வாசகக் குழுக்கள்தான். ஜூரிச்சில் ஜாய்ஸ் ஆய்வாளர் ஃபிரிட்ஸ் சென் என்பவரைச் சுற்றி 1984இல் கூடத் தொடங்கிய குழுவுக்கு முதல் சுற்று முடியவே 11 ஆண்டுகள் ஆயின. கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் ஜெரி ஃபியால்கா 1995இல் தொடங்கிய குழு மாதம் இரண்டு பக்கம், பிறகு ஒரு பக்கம் என்று நகர்ந்து, 2023 அக்டோபரில் கடைசிப் பக்கத்தைத் தொட்டது. 628 பக்கங்களுக்கு 28 ஆண்டுகள். செய்தி வந்தபோது பலரும் அந்தப் பொறுமையை வியந்தார்கள். எனக்கோ வேறொரு சந்தேகம்: இப்படி வாசித்தவர்களுக்கு நாவல் கிடைத்திருக்குமா?

குழுவால் கிடைப்பது சிறிதல்ல. பல மொழிச் சொற்களை ஆங்கிலத்தோடு குழைத்து எழுதிய நூல் இது. அத்தனையும் தெரிந்த ஒற்றை வாசகர் கிடையாது. முதல் பாகத்தின் எட்டாம் அத்தியாயமான ‘அன்னா லிவியா’வில் மட்டும் உலகத்து ஆறுகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் சொற்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஜெர்மன் அறிந்தவர் ஒன்றைப் பிடிப்பார், டப்ளினில் வளர்ந்தவர் இன்னொன்றை. இந்த வேலையை ரோலண்ட் மெக்ஹ்யூவின் குறிப்புநூல் 1980லேயே பக்கத்துக்குப் பக்கம் செய்துவிட்டது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் குறிப்புநூல் உரக்கப் படிக்காது. கண் தாண்டிப்போகும் சிலேடை, இன்னொருவர் உச்சரிப்பில் காதில் விழும். ஒரே சொல்லுக்கு இருவர் இரண்டு பொருள் சொல்லி, இரண்டும் நிற்கட்டும் என்று விட்டுவிடுகிற இடம் குழுவில்தான் வாய்க்கிறது. இந்த நூல் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் அதே அத்தியாயத்தை இன்னொரு பக்கமிருந்து பார்ப்போம். லிஃபி ஆற்றின் இரு கரைகளில் இரண்டு சலவைப் பெண்கள் துணி துவைத்தபடி அன்னா லிவியாவைப் பற்றி வம்பு பேசுகிறார்கள். பொழுது சாய்கிறது. ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காமல் போகிறது. கடைசியில் ஒருத்தி மரமாகவும் மற்றவள் கல்லாகவும் ஆகிவிடுகிறார்கள். ஆறுகளின் பெயரே தெரியாதவரையும் உலுக்கக்கூடிய முடிவு இது. ஜாய்ஸ் 1929இல் இந்த இறுதிப் பக்கங்களைத் தன் குரலிலேயே பதிவு செய்தார்; ஒலிப்பதிவு ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. மாதம் ஒரு பக்கம் என்றால் அதே பகுதிக்குச் சில மாதங்கள் ஆகும். அந்தி இருட்டுவது அப்போது ஒரு தகவலாக மட்டும் மிஞ்சும்.

நம் உரை மரபின் சொல்லில் சொன்னால், குழு பதவுரையில் சளைப்பதில்லை. பொழிப்புரைக்கு மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை. இத்தனைக்கும் வேக்கில் கதை இருக்கிறது. தந்தையின் மேல் ஒரு பழி விழுகிறது, மகன்கள் மோதிக்கொள்கிறார்கள், தாய் அன்னா லிவியா நதியாக ஓடிக் கடலைச் சேர்கிறாள். ஒரு சொல்லை அரை மணி நேரம் துருவுகிற கூட்டத்தில் அந்தத் தாய் நினைவுக்கு வருவது கடினம்.

நூல் வட்டமானது, அதை முடிப்பது என்றே ஒன்று இல்லை, ஆகவே தாமதம் குறையாகாது என்பது குழுக்களின் வழக்கமான பதில். கடைசி வாக்கியம் பாதியில் நின்று முதல் வாக்கியத்தோடு சேர்கிறது என்பது சரியே. ஆனால் வட்டத்தை உணர வேண்டுமானால், முடிவுக்கு வரும்போது தொடக்கம் நினைவில் இருந்தாக வேண்டும். 28 ஆண்டுகளில் ஆட்கள் மாறுவார்கள். மாறாதவர்களின் நினைவும் மாறும். வெனிஸ் குழு அக்டோபரில் முடித்து அடுத்த மாதமே மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. நடு வாக்கியத்தில் ஒரு மாத இடைவேளை! ஜாய்ஸ் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

எதிர்முனையில் ஒரு முயற்சி உண்டு. 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், எழுத்தாளர் யியூன் லீ ‘எ பப்ளிக் ஸ்பேஸ்’ இதழோடு சேர்ந்து டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை வாசிக்க எல்லோரையும் அழைத்தார். நாளுக்கு 12 முதல் 15 பக்கம், மொத்தம் 85 நாட்கள். ஒவ்வொருவரும் தனியே வாசித்துக் கண்ணில் பட்டதைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த வேகத்தில் நாவலின் நாயகி நடாஷா சிறுமியாக இருந்தது நினைவில் இருக்கும்போதே அவள் தாயாகிவிடுகிறாள். டால்ஸ்டாயின் வரலாற்றுத் தத்துவப் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் போகவும் தினசரி அளவு இடம் தராது. குறையும் உண்டு. ஆளுக்கொரு நுட்பத்தை ரசித்துக் காட்டும்போது பேச்சு பாராட்டாகவே ஒழுகிவிடும். முரண்பட்டு வாதிடும் கூர்மை ஜூரிச் மேசையில்தான் அதிகம்.

டால்ஸ்டாயின் கடினம் நீளத்தில் இருக்கிறது, ஜாய்ஸின் கடினம் வரிக்கு வரி இருக்கிறது. ஒரே வேகம் இருவருக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக் கழித்துப் பார்த்தாலும் என் தீர்ப்பு டால்ஸ்டாய் வாசகர்களின் பக்கமே சாய்கிறது. அவர்கள் ஒரு நாவலை வாசித்தார்கள். வேக் குழுக்கள் அதைவிட அரிய ஒன்றைச் செய்கின்றன, ஆனால் அது நாவல் வாசிப்பு ஆகாது. ஆகவும் வழி இருக்கிறது. பக்கத்தைப் பிரித்து மேய்வதற்கு முன் ஓர் அத்தியாயம் முழுவதையும், புரிகிறதோ இல்லையோ, ஒரே மாலையில் மாறி மாறி உரக்கப் படித்துவிட வேண்டும். அன்னா லிவியா இருபது பக்கம்தான். ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு ஆறுகளை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.