மருந்துச் சீட்டில் அரிசியும் பருப்பும்

காசநோய்க்குப் புதிய மருந்து வந்துவிட்டது என்றால் அது பெரிய செய்தி. காசநோயைத் தடுக்க அரிசியும் பருப்பும் கொடுங்கள் என்று ஓர் ஆராய்ச்சி சொன்னால்? "இது எங்கள் பாட்டிக்கே தெரியுமே!" என்று நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் பாட்டிக்குத் தெரிந்தது அரசாங்கத்தின் திட்டத்தில் ஏறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அப்படி ஏறியதும் பாதிதான். இந்தத் தாமதத்திற்கு ஒரு நல்ல ஆராய்ச்சியைத் தவறாகப் படித்ததும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

முதலில் அந்த நல்ல ஆராய்ச்சியைப் பார்ப்போம். அது நம் சென்னையில் நடந்தது.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்திலும் மதனப்பள்ளியிலும் நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. இவ்வளவு படுக்கைகளுக்கு ஏழை நாடு எங்கே போகும்? 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்தக் கேள்வியை நேராகவே சோதித்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனையசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரு மருந்துகள். யார் எந்தப் பிரிவில் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் முடிவு செய்தார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. நெருக்கடியான வீடுகளில் இருந்துகொண்டு, வேலையும் செய்துகொண்டு, குறைவாகச் சாப்பிட்ட நோயாளிகளும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தார்கள். சானடோரியங்களின் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. இந்த ஆராய்ச்சியின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். "சரியான மருந்து கிடைத்தால், சானடோரியத்துச் சாப்பாடு இல்லாமலும் நோய் குணமாகிறது" என்பது ஆராய்ச்சி சொன்னது. "காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமல்ல" என்பது பலர் புரிந்துகொண்டது. இரண்டும் ஒன்றா? நெருப்பை அணைக்கத் தண்ணீர் போதும் என்று கண்டவர், வீட்டில் வைக்கோல் குவிந்திருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! பசித்த உடலில் நோய் ஏன் எளிதாகப் பற்றுகிறது, அதே வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பவை வேறு கேள்விகள். சென்னை ஆராய்ச்சி அவற்றுக்கு விடை தேடிப் புறப்பட்டதல்ல.

காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுகிறது. மற்றவர்களிடம் உடலின் காவல் அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு மூலையில் அடைத்து வைத்திருக்கின்றன. காவலுக்கும் சோறு வேண்டும். புரதமும் கலோரியும் நுண்சத்துகளும் குறைந்தால் அந்த வளையம் தளர்கிறது; உள்ளே உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது.

இனி ஜார்க்கண்டுக்குச் செல்வோம். அங்கே நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை 'ரேஷன்ஸ்' என்ற ஆராய்ச்சி நடந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமை தாங்கினர். இதில் பங்கு கொண்ட நிறுவனங்களுள் ஒன்று சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956இல் தொடங்கிய அதே மையந்தான் இன்று அந்தப் பெயரில் இருக்கிறது! தன் பழைய ஆராய்ச்சியை மற்றவர்கள் தவறாகப் படித்ததைத் திருத்தும் வாய்ப்பு அதற்கே கிடைத்தது.

2,800 நோயாளிகள். அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 10,345 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற பழங்குடி மக்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப் பை கொடுக்கப்பட்டது. ஆனால் வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவு: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. உணவு பெறாத பிரிவில் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற பிரிவில் 5,621 பேரில் 96 பேருக்கு. கணக்கிட்டுப் பார்த்தால் நோய் 39 சதவிகிதம் குறைவு. கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் குறைவு 48 சதவிகிதம். சில தடுப்பூசிகள்கூட இதைப் பார்த்துப் பொறாமைப்படும்!

நோயாளிகளின் நிலை என்ன? ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ, பெண்களுடையது 36.1 கிலோ. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் இருமடி பெருக்கி வரும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 18.5க்குக் கீழே வந்தால் போதிய ஊட்டமில்லை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 42 கிலோ இருந்தால் விடை 16.4. ஜார்க்கண்டில் ஐந்தில் நான்கு நோயாளிகளுக்கு மேல் 18.5க்குக் கீழேதான் இருந்தார்கள்.

இந்த ஆராய்ச்சியையும் கண்ணை மூடிக்கொண்டு பாராட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவிகிதம் கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து ஏறத்தாழ 60 சதவிகிதம் குறைந்தது என்ற முடிவு அதிகம் பேசப்படுகிறது. ஆனால் நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுத்திருந்ததால், கொடுக்காதவர்களுடன் ஒப்பிட வழியில்லை. நோய் கடுமையாக இருந்தவருக்கு எடையும் ஏறியிராது, உயிரும் தங்கியிராது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அறுதியிட முடியாது. பட்டினி கிடப்பவருக்கு உணவை மறுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதை எந்த மனச்சாட்சியும் ஏற்காது என்பதும் உண்மையே. வீட்டாரைப் பற்றிய முடிவுக்கு இந்தக் குறை இல்லை. அங்கே இரு பிரிவுகள் இருந்தன.

இப்போது கொள்கைக்கு வருவோம். நோயாளிக்கு ஊட்ட உதவியாக மாதம் 500 ரூபாயை 2018இலிருந்து மத்திய அரசு வங்கிக் கணக்கில் செலுத்தியது; 2024 நவம்பரில் இது 1,000 ரூபாய் ஆனது. நல்லதே. ஆனால் பணம் நோயாளியின் பெயருக்கு வருகிறது. சோற்றுப் பானையோ குடும்பத்துக்குப் பொது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் தனியாகப் பருப்புக் கடைந்து உண்பார் என்று எந்த அதிகாரி நினைத்தாரோ! ஜார்க்கண்டில் பலன் கண்டது வீட்டாருக்கும் தந்த உணவில். அந்த வீட்டாருக்கு உணவுக் கூடை தரும் பொறுப்பை, 2024இல் கொள்கை கொடையாளர்களின் கையில் ஒப்படைத்தது. மனமுள்ளவர் தத்தெடுத்தால் கிடைக்கும். மாத்திரையைக் கொடையாளர் தரட்டும் என்று யாராவது சொல்வார்களா?

மருந்துத் துறையின் வெற்றிகளை மறந்துவிடவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு 18 மாதங்களுக்கு மேல் சிகிச்சை. பெடாகுவிலின் சேர்ந்த நான்கு மருந்து முறையில் 6 மாதம் போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்த மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பத்தை 2023இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் தள்ளியதும் பெரிய காரியமே. ஆயினும் 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்ற நாட்டின் கணக்கு ஏன் பொய்த்தது? 2015இல் இலட்சத்துக்கு 237 பேருக்கு வந்த நோய், 2023இல் 195 பேருக்கு வந்தது. குறைந்தது 18 சதவிகிதம். குறைக்க எண்ணியதோ 80.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதில் ஒரு படி முன்னே நிற்கிறது. நோய் உறுதியான அன்றே எடை பார்க்கிறார்கள், கால் வீக்கம் பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு எடைத் தராசும் சில எளிய கருவிகளும் போதும். அதே தராசில் நோயாளியுடன் வந்த மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் அவர்கள் பெயரிலும் ஓர் உணவுச் சீட்டு எழுதுவதற்கு எந்தப் புதிய கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.