விலகும் நாளை எண்ணி வாங்க வேண்டிய மென்பொருள்

மனநலக் கிளினிக்குக்கு மின்னணுப் பதிவேட்டு மென்பொருள் வாங்குவது பெரும்பாலும் ஒரு மணி நேர டெமோவில் முடிந்துவிடுகிறது. அப்பாயின்ட்மென்ட் எப்படிப் போடுவது, பில் எப்படி அடிப்பது, நோயாளியின் கைப்பேசிக்கு நினைவூட்டல் எப்படிப் போகும், வீடியோ ஆலோசனை எப்படி நடக்கும் என்று விற்பனையாளர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மாதச் சந்தா கட்டுப்படியானால் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. இரண்டு கேள்விகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. நோயாளி நம்பிச் சொன்னவற்றில் எதை யார் பார்க்கலாம் என்று இதில் பிரித்து வைக்க முடியுமா? நாளை இதை விட்டு வேறொன்றுக்குப் போக நேர்ந்தால், இத்தனை வருடக் குறிப்புகளும் குறையாமல் நம்மோடு வருமா?

மனநல மருத்துவத்தில் ஒரு மென்பொருளின் தரத்தை இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற வசதிகள் எல்லாம் கிளினிக்கின் சௌகரியத்துக்கு. இவை இரண்டும் நோயாளியின் பாதுகாப்புக்கு.

கணினி தரும் பலம்

காகிதக் கேஸ் ஷீட்டே போதும் என்று சொல்லும் மூத்த மருத்துவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயமும் இருக்கிறது. பூட்டிய அலமாரியில் உள்ள ஃபைலை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒருவர் திருட முடியாது. கரண்ட் போனாலும் அதைப் படிக்கலாம். ஒரே மருத்துவர், தெரிந்த நோயாளிகள் என்றிருக்கும் சிறு கிளினிக்கில் காகிதம் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் மனநோய்க்கான சிகிச்சை பல வருடங்கள் நீள்வது. அதன் மருந்துகள் இடைவிடாத கண்காணிப்பைக் கேட்பவை. லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கிவிடும். மூட்டு வலிக்கென்று வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த ஐபுப்ரோஃபென்கூட அந்த அளவை ஏற்றிவிடும். க்ளோசபின் எடுப்பவருக்கு வெள்ளையணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கத் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். நெரிசலான ஓ.பி.யில் இவை அனைத்தையும் நினைவை மட்டும் நம்பி நடத்துவது ஆபத்து. நல்ல மென்பொருள் பரிசோதனை நாளை நினைவூட்டும். ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளைச் சுட்டிக்காட்டும்.

இரண்டாவது பலம், மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வைப்பது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 27 வரை. ஒரு வருட மதிப்பெண்களை ஒரே கோட்டில் பார்க்கும்போது, 'பரவாயில்ல டாக்டர்' என்ற பதிலுக்குள் மறைந்திருக்கும் சரிவு தெரியவரும். மூன்றாவது பலம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வராத நோயாளியைப் பற்றிக் காகிதம் எதுவும் சொல்லாது. அவருடைய ஃபைல் அலமாரியிலேயே கிடக்கும். மென்பொருளில் 'மூன்று வாரமாக வராதவர்கள்' என்றொரு பட்டியலை எடுத்துவிடலாம். போன முறை தற்கொலை எண்ணம் பற்றிச் சொன்னவர் அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றே போன் செய்யலாம். ஆகவே மின்பதிவேடு வேண்டுமா என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தகையது என்பதில்தான் கவலை.

கட்டங்களில் அடங்காதவை

சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களில் பல, பொது மருத்துவத்துக்கென்று உருவாகிப் பின்னர் மனநலத்துக்கு ஒட்டுப்போடப்பட்டவை. சர்க்கரை நோயாளியின் வருகையை நான்கு எண்களில் பதிந்துவிடலாம். பதினைந்து வருடத் திருமணத்தின் துயரத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் சொற்களில் பதிய முடியாது. அதைவிடக் கெடுதலானது, போன வருகையின் குறிப்பை அப்படியே இன்றைய தேதிக்கு நகலெடுக்கும் வசதி. 'தற்கொலை எண்ணம் இல்லை' என்ற வரி யாரும் கேட்காமலேயே மாதக்கணக்கில் நகலாகிக்கொண்டு போகும். நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி இங்கே உயிருக்கு ஆபத்தாகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல், ஒரே ஃபைலில் பலருடைய வாக்குமூலம் இருப்பது. கணவருக்குச் சிகிச்சை நடக்கும். மனைவி தனியாக வந்து, "நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம்" என்று சிலவற்றைச் சொல்லிவிட்டுப் போவார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 25-இல், தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. அது நல்ல உரிமை, தேவையான உரிமை. வெளிப்படுத்தினால் நோயாளிக்குக் கடும் மன பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரும் என்றால், குறிப்பிட்ட தகவலை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால், மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம் என்பதை நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. சட்டத்தின் இந்தச் சமநிலையை மென்பொருளும் தாங்க வேண்டும். 'முழு ஃபைலையும் அச்சிடு' என்ற ஒரே பொத்தான் உள்ள மென்பொருளில், ஒன்று எல்லாம் போகும், அல்லது எதுவுமே போகாது. முதலாவது மனைவிக்குச் செய்யும் துரோகம். இரண்டாவது கணவரின் உரிமையைப் பறிப்பது.

அமெரிக்காவின் ஹிப்பா தனியுரிமை விதிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. உரையாடலை அலசிச் சிகிச்சையாளர் தனக்காக எழுதும் குறிப்புகள், மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தால், அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. நோயறிதல், மருந்து, அமர்வு தொடங்கி முடிந்த நேரம், பரிசோதனை முடிவுகள் ஆகியவை அந்தப் பாதுகாப்பில் வாரா. பிரித்து வைக்கத் தவறினால் பாதுகாப்பும் போய்விடும். அதாவது அங்கே சட்டம் தரும் காப்பு, மென்பொருளின் அமைப்பைச் சார்ந்து நிற்கிறது. இந்தியச் சட்டத்தில் குறிப்புகளுக்கு இத்தகைய இருவகைப் பிரிவு இல்லை. அதனாலேயே இங்கு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பு கூடுகிறது.

நம் சட்டத்துக்கென்றே வேறு தேவைகளும் உண்டு. தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்; தன் சார்பில் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த மென்பொருளில் இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவை 'இதர குறிப்புகள்' என்ற பகுதியில் புதைந்து, நெருக்கடி வரும் இரவில் யார் கண்ணிலும் படாமல் போகும். ஃபைலை யார் பார்க்கலாம் என்பதும் முக்கியம். சிற்றூர்களில் வரவேற்பு மேசையில் இருப்பவர் நோயாளியின் உறவுக்காரராகக்கூட இருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் போடுபவருக்கு நோயின் பெயர் தெரியத் தேவையில்லை. யாருக்கு எது தெரியும் என்ற கட்டுப்பாடும், யார் எப்போது ஃபைலைத் திறந்தார் என்ற பதிவும் இல்லாத மென்பொருளை மனநலக் கிளினிக் வாங்கவே கூடாது.

கசிந்தால் மீட்க முடியாதது

கிரெடிட் கார்டு எண் திருடு போனால் புது கார்டு வாங்கலாம். அமர்வில் சொன்னது வெளியே போனால் திரும்பப் பெற வழியில்லை. ஃபின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்தில் நடந்தது இதற்குக் கொடிய சான்று. சுமார் 33,000 நோயாளிகளின் பதிவுகள் திருடப்பட்டன. 2020 அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் பணம் தர மறுத்ததும், திருடியவர் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பி 200 யூரோ கேட்டு மிரட்டினார். பலருடைய அமர்வுக் குறிப்புகள் இணையத்தில் வெளியாயின. 2021-இல் நிறுவனம் திவாலானது. 2024-இல் குற்றவாளிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியான குறிப்புகளைத் தண்டனையால் திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை.

வஸ்தாமோ பயன்படுத்தியது அந்த நிறுவனமே உருவாக்கிய மென்பொருள். தரவுத்தளம் உரிய காப்பின்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தது. 'நம்ம சர்வர், நம்ம கட்டிடத்துலயே இருக்கு' என்பது தன்னளவில் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இது பாடம். அதேபோல் 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, நாள்கணக்கில் எல்லா வேலையும் கையெழுத்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு அறைக் கிளினிக்கின் மூலையில் இருக்கும் கணினியை நம்புவது எப்படி? முறையாகப் பராமரிக்கப்படும் க்ளவுட் சேவையே சிறு கிளினிக்குக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு. ஆனால் தரவு எங்கே இருக்கிறது, குறியாக்கம் உண்டா, பேக்கப்பை மீட்டெடுத்துச் சோதித்திருக்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவைக் கையாள இன்னொரு நிறுவனத்தை அமர்த்தினாலும் பொறுப்பு அமர்த்தியவருடையதுதான். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது.

மாறும்போது என்ன தொலைகிறது

சந்தா விலை ஏறுகிறது, நிறுவனம் கைமாறுகிறது, உதவிக்கு அழைத்தால் ஆள் கிடைப்பதில்லை. இப்படிப் பல காரணங்களால் கிளினிக்குகள் மென்பொருளை மாற்ற நினைக்கின்றன. அப்போதுதான் உண்மை தெரியவரும். பழைய நிறுவனம் தருவது பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளின் ஒரு குவியல். படிக்கலாம், ஆனால் பி.எச்.க்யூ மதிப்பெண்கள் கோடாக வராது, லித்தியம் அளவுகள் வரிசையாக வரா, மருந்து எந்தத் தேதியில் ஏன் நிறுத்தப்பட்டது என்று தேட முடியாது. மேலே சொன்ன மூன்று பலங்களும் ஒரே நாளில் போய், விலை கொடுத்து வாங்கிய காகிதக் கட்டு மட்டும் மிஞ்சும்.

நோயாளியின் சொற்களைத் தமிழிலேயே பதிபவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 'நெஞ்சு படபடங்குது', 'யாரோ பேசுற மாதிரியே கேக்குது' என்று அவர் சொன்னபடியே எழுதுவது நல்ல மருத்துவப் பழக்கம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தாலோ, ஏற்றுமதிக் கோப்பில் யூனிகோடு சரியாகக் கையாளப்படாவிட்டாலோ, அந்த வரிகள் எல்லாம் புரியாத குறிகளாக மாறிவிடும்.

மென்பொருள் மாறும்போது வரும் இந்தச் சிக்கலை அமெரிக்காவும் பட்டுத்தான் கற்றது. 2009-இன் ஹைடெக் சட்டம் மின்பதிவேடுகளுக்கு ஊக்கத்தொகையை அள்ளிக்கொடுத்தபோது உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், மனநல மருத்துவமனைகள் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே சிகிச்சையாளர்களுக்கான மென்பொருள் சந்தை, அரசுச் சான்றிதழின் நிபந்தனைகளுக்கு வெளியேயே பெரும்பாலும் வளர்ந்தது. 2016-இன் க்யூர்ஸ் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், சான்றிதழ் பெற்ற மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் பதிவையும், எல்லா நோயாளிகளின் பதிவையும் ஏற்றுமதி செய்யும் வசதியை 2023 முடிவதற்குள் தர வேண்டும் என்றன. ஆனால் சான்றிதழ் பெறுவது கட்டாயமில்லை; ஏற்றுமதி வடிவமும் நிறுவனத்தின் விருப்பம்தான். வெளியே எடுக்கும் உரிமை வந்துவிட்டது. எடுத்ததை இன்னொரு மென்பொருள் புரிந்துகொள்ளும் என்ற உறுதி முழுதாக வரவில்லை.

இந்தியாவில் 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகள் ஒரு உயர்ந்த கொள்கையைச் சொல்கின்றன: பதிவில் உள்ள தகவல் நோயாளியின் உடைமை, மருத்துவர் அதை அவர் சார்பில் காத்து வைத்திருக்கிறார். மென்பொருள் நிறுவனத்துக்கு இதில் எந்த உடைமையும் இல்லை. ஆயினும் சிறு கிளினிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இந்தக் கொள்கையின் நிழலைக்கூடக் காண்பது அரிது.

எனவே சோதனை வாங்கும்போதே நடக்க வேண்டும். ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கச் சொல்லுங்கள். மருந்து மாற்றம், ரத்தப் பரிசோதனை, தமிழில் இரண்டு பத்தி, ஸ்கேன் செய்த கடிதம் ஆகியவற்றைப் பதியச் சொல்லி, உடனே அதை ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். அந்தக் கோப்பைப் பொதுவான மென்பொருள் ஒன்றில் திறந்து படிக்க முடிந்தால் விலை பேசலாம்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால் அவசரம் கூடாது. தற்போது சிகிச்சையில் இருப்பவர்களின் பதிவை முழுமையாக மாற்ற வேண்டும். மற்றவை குறியாக்கத்துடன் காப்பகத்தில் இருந்தால் போதும். மிகச் சிக்கலான ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து மருந்தளவு, ஒவ்வாமை, தற்கொலை ஆபத்துக் குறிப்பு ஆகியவற்றை மருத்துவரே வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். இதைக் கணினி ஆளிடம் விட முடியாது. சில மாதங்களுக்குப் பழைய மென்பொருளைப் படிக்க மட்டுமாவது வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில், தன்னிடமிருந்த தரவை அழித்துவிட்டதாகப் பழைய நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு போன்ற புதுக் கவர்ச்சிகள் மட்டும் மாறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. அந்த ஒலிப்பதிவு எங்கே போகிறது என்பதற்கு நேரான பதில் வராதவரை அதை அமர்வு அறைக்குள் விடக்கூடாது.

முடிவாக

மாற்றத்தில் தொலையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் நோயாளிதான் விலை கொடுக்கிறார். வன்முறைக்கு உள்ளான பெண், மகனை இழந்த தகப்பன், பல வருடத் தயக்கத்துக்குப் பின் வாய்திறந்த இளைஞன் ஆகிய யாரையும் 'முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்பது மறுபடி காயப்படுத்துவதே.

இந்தப் பொறுப்பைத் தனி மருத்துவர்களின் விழிப்பு ஒன்றால் மட்டும் சுமக்க முடியாது. மனநல மருத்துவர் சங்கங்கள் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட வேண்டும். முழு ஏற்றுமதி, தனிக் குறிப்புகளுக்கான பிரிவு, ஃபைலைத் திறந்தவர் பற்றிய பதிவு, வெளியேறிய பின் தரவை அழித்தல் ஆகிய நான்கும் அதில் நிபந்தனையாக இருக்க வேண்டும். தரநிலையில் கொள்கையாக எழுதிவைத்ததை அரசு விற்பனையாளருக்குச் சட்டக் கடமையாக்க வேண்டும். அதுவரை, வெளியேறும் வழியை எழுத்தில் தராத நிறுவனத்தை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், மறுப்பதே நோயாளிக்கு நேர்மையான செயல்.