ஓர்க்குகளுக்கு உணவளிப்பது யார்? டோல்கீனின் கற்பனை உலகில் தீமையும் உழைப்பும்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் நெடுங்கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதன் வாசகர்களுள் ஒருசாரார், கதையில் வரும் ஓர்க்கு என்னும் இனத்தைப்பற்றி விநோதமான வினாக்களை எழுப்பிவந்துள்ளனர். இத்தனை ஆயிரம் ஓர்க்குகள் எதை உண்டு வாழ்கின்றன? அவற்றுக்கு உழவு உண்டா, கைத்தொழில் உண்டா, கூலி உண்டா? தாய்மார் எங்கே? காவியச் சுவையைக் கணக்குப்பிள்ளையின் கண்கொண்டு பார்க்கும் வேலை என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. இவ்வினாவைத் தம் கதைமாந்தர் வாயிலாக எழுப்பியவர் ஆசிரியரே. அதற்கு அவர் அளித்த விடையில் தீமையைப்பற்றிய அவருடைய கொள்கை அடங்கியிருக்கிறது. அவ்விடைக்குக் கதை இறுதிவரை உண்மையாய் இருந்ததா என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

கதையை அறியாதவர்க்குச் சில சொற்கள். சௌரான் என்னும் இருளின் தலைவன் மோர்டோர் என்னும் நாட்டிலிருந்து உலகை அடிமைப்படுத்த முயல்கிறான். அவன் தன் ஆற்றலைப் பெய்து வார்த்த மோதிரம் ஒன்று, ஹாபிட் என்னும் குள்ள இனத்தவனான ஃபிரோடோவின் கைக்கு வந்து சேருகிறது. அது வார்க்கப்பட்ட எரிமலைத் தீயிலேயே அதை எறிந்து அழிப்பதற்காக அவனும் அவன் தோட்டக்காரனாகிய சாமும் பகைவன் நாட்டுக்குள் நுழைகின்றனர். அந்நாட்டின் காலாட்படையே ஓர்க்குகள். ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டில் பண்டை ஆங்கில மொழியும் இலக்கியமும் கற்பித்த பேராசிரியர். கத்தோலிக்கத் திருச்சபையின் உறுதியான உறுப்பினர். 1973 இல் மறைந்தவர்.

நாம் கருதும் உரையாடல் மோர்டோரின் எல்லைக் கோபுரத்தில் நிகழ்கிறது. ஓர்க்குகளிடம் சிறைப்பட்ட ஃபிரோடோவைச் சாம் மீட்டபின், இருவருக்கும் உணவும் நீரும் தேவைப்படுகின்றன. ஓர்க்குகள் உண்பதும் குடிப்பதும் உண்டா, அன்றி நச்சுக்காற்றை மட்டும் உட்கொண்டு வாழ்கின்றனவா என்று சாம் வினவுகிறான். உண்டு என்கிறான் ஃபிரோடோ. இருளால் கேலிப்போலி செய்ய முடியுமேயன்றி, தானாக மெய்யான புதிய ஒன்றைப் படைக்க இயலாது. ஓர்க்குகளுக்கு அது உயிர் கொடுக்கவில்லை, இருந்த உயிரைக் கெடுத்துத் திரித்தது. ஆகவே அவை வாழவேண்டுமாயின் மற்ற உயிர்களைப்போலவே வாழவேண்டும். நல்லது கிடையாதபோது அழுகியதையும் உண்ணும், நஞ்சை உண்ணா. அவன் விடையின் சாரம் இதுவே.

தீமைக்குத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்று அகுஸ்தீன் மானிக்கேயருக்கு எதிராக வாதாடிய கோட்பாட்டை நம் மாணவர் தேர்வுக்கு எழுதுகின்றனர். அதே கோட்பாட்டை இங்குப் பசித்த இருவர் ரொட்டியையும் தண்ணீரையும் தேடும் வேளையில் பேசுகின்றனர். இது தற்செயலன்று என்றே எண்ணுகிறோம். தீமை படைக்க இயலாது என்றால் தீயோனுடைய படையும் படைக்கப்பட்ட உயிரே. உயிர் என்றால் பசி உண்டு. பசி என்றால் அதை ஆற்றும் உழைப்பு எங்கோ நடந்தாகவேண்டும். படைப்பைப்பற்றிய கோட்பாடு ஒரு பொருளாதாரத்தை இழுத்துக்கொண்டே வருகிறது.

அப்பொருளாதாரத்தையும் ஆசிரியர் காட்டாமல் விடவில்லை. ஃபிரோடோவும் சாமும் காணும் மோர்டோரின் வடபகுதி சாம்பலும் பாறையுமான பாழ்நிலம். அங்குள்ளவை சுரங்கங்களும் கொல்லுலைகளும் படைத்திரட்டும் முகாம்களுமே. ஆனால், அவர்கள் அறியாத ஒன்றை ஆசிரியர் இடையே புகுந்து நமக்குச் சொல்கிறார்: தெற்கே நூர்னென் என்னும் ஏரியைச் சூழ்ந்து அடிமைகள் உழுது பயிரிடும் பெருவயல்கள் உள்ளன, கிழக்கிலும் தெற்கிலுமுள்ள திறைசெலுத்தும் நாடுகளிலிருந்து பண்டங்களும் கொள்ளைப்பொருளும் புதிய அடிமைகளும் நீண்ட வண்டித்தொடர்களில் வருகின்றன. ஓரிரு வாக்கியங்களில் சொல்லி முடித்துக் கதை மேலே நடந்துவிடுகிறது. எனினும் அவ்வாக்கியங்கள் இல்லையென்றால் மோர்டோர் வெறும் கெட்ட கனவாகவே நின்றிருக்கும். அவற்றால் அது ஓர் அரசாகிறது. பார்வோனின் பண்டசாலைப் பட்டணங்களைப்பற்றிப் பிரசங்கித்தோர்க்கு இவ்வரசின் அமைப்பு புதியதன்று.

இனி ஓர்க்குகளின் வாழ்வைப் பார்ப்போம். அவை எவ்வித அழகிய பொருளையும் செய்வதில்லை, ஆயினும் திறமையான பொருள்கள் பலவற்றைச் செய்கின்றன என்று 1937 இல் வெளிவந்த 'தி ஹாபிட்' கூறுகிறது. கோப்லின் என்னும் பெயரில் அங்கு வரும் இவ்வினம் சுத்தியலும் கோடரியும் வாளும் செய்யும். சுரங்கம் தோண்டுவதில் மிகத் தேர்ந்த குள்ளர்க்கே அடுத்தபடி நிற்கும். கடினமான வேலையைக் கைதிகளைக்கொண்டு முடித்துக்கொள்ளும். எப்பொழுதும் பசித்திருக்கும். மலைக்குள் வாழும் அவற்றின் அரசனுக்கு நிலத்தடி ஏரி மீன்மேல் ஆசை வரும்போது, ஆள் அனுப்பி மீன் பிடித்துவரச் செய்வான் என்றொரு செய்தியும் உண்டு. (அனுப்பப்பட்டவன் சில வேளைகளில் திரும்புவதில்லை.) மருத்துவமும் அவற்றிடம் உண்டு. சிறைபிடித்த ஹாபிட்டின் புண்ணில் ஓர் ஓர்க்குத் தலைவன் பூசிய கருநிறக் களிம்பு, வலிக்கச்செய்தாலும் புண்ணை ஆற்றிவிடுகிறது. மொழி மட்டும் சொந்தமாக இல்லை. பிறர் மொழிகளைப் பிடுங்கிச் சிதைத்துப் பேசியதால் கூட்டத்துக்கொரு கிளைமொழி உண்டாகி, வெவ்வேறு கூட்டத்தார் பொதுமொழியில் பேசவேண்டியதாயிற்று. வலிய ஓர்க்குகள் எளியவற்றைச் 'ஸ்நாகா' என்று அழைக்கும். அச்சொல்லின் பொருள் அடிமை என்பது.

மோர்டோர்ப் படையில் ஒவ்வோர் ஓர்க்குக்கும் ஓர் எண் உண்டு. இருவர் சண்டையிடும்போது ஒருவன் மற்றவனுடைய பெயரையும் எண்ணையும் மேலிடத்தில் சொல்லிவிடுவதாக மிரட்டுகிறான். அணிவகுத்துச் செல்லும் ஒரு கூட்டத்தைப்பற்றி ஆசிரியர் வெளிப்படையாகவே எழுதுகிறார்: அவை விருப்பமின்றிப் போருக்கு ஓட்டப்பட்டவை, நடை முடிந்தால் போதும், கசையடிக்குத் தப்பினால் போதும் என்பதே அவற்றின் எண்ணம். 1977 இல் ஆசிரியரின் மகன் பதிப்பித்த 'தி சில்மரிலியன்' இன்னும் ஒருபடி மேலே போய், அச்சத்தால் தாம் சேவிக்கும் தலைவனை ஓர்க்குகள் உள்ளத்தின் ஆழத்தில் வெறுத்தன என்கிறது.

தமிழில் இதை எழுதுவோர்க்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பன்மைச் சொல் அதை மறைத்துவிடுகிறது. ஓர்க்குகள் வந்தன என்பதா, வந்தனர் என்பதா? அவற்றின் பகைவர் நோக்கை ஒட்டி இதுவரை பெரும்பாலும் அஃறிணையாகவே எழுதிவந்தோம். ஷாக்ராட், கோர்பாக் என்னும் இரு தலைவர்கள் இருளில் நின்று பேசுவதைக் கேட்டபின் அவ்வாறு எழுதக் கை வரவில்லை. போர் முடிந்தபின் நம்பிக்கையான சில ஆட்களை அழைத்துக்கொண்டு எங்கேனும் நழுவிவிடலாம், கொள்ளை எளிதில் கிட்டும் இடமாகப் பார்த்துத் தனியே பிழைக்கலாம், பெரிய எசமானர் எவரும் இருக்கமாட்டார் என்று அவர்கள் கனவு காண்கின்றனர். அறநெறியும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. மயங்கிக் கிடக்கும் ஃபிரோடோவை அவன் தோழன் கைவிட்டு ஓடிவிட்டதாக எண்ணி, அதை இழிசெயல் என்று பழிக்கின்றனர். சற்றுநேரத்தில் தங்கள் கூட்டத்தான் ஒருவனைச் சிலந்தியின் வலையில் தொங்கவிட்டு வந்ததைச் சொல்லிச் சிரிக்கின்றனர். நன்மை தீமையை அறியாதவர் அல்லர் இவர்கள். அறிந்தும் அதைத் தம்மேல் பொருத்திப் பார்க்காதவர். அத்தகையோர் நம் சபைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். டாம் ஷிப்பி என்னும் திறனாய்வாளர் இக்காட்சியைச் சிறப்பாக எடுத்துக்காட்டியிருக்கிறார். டோல்கீனின் கலை உச்சம் பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதே நம் தீர்ப்பு. எல்ஃபுகளின் அழகிய பாடல்களைவிட, எசமானர் இல்லாத இடத்தை நாடும் இந்த முணுமுணுப்பு நமக்கு மெய்யாகப் படுகிறது.

இவ்வளவும் தந்தபின் கதை ஓரிடத்தில் கையை இழுத்துக்கொள்கிறது. ஹெல்ம்ஸ் டீப் என்னும் கோட்டைப் போரில் எல்ஃபாகிய லெகோலாஸும் குள்ளனாகிய கிம்லியும் தாம் கொன்றவர்களை எண்ணிப் போட்டியிடுகின்றனர். லெகோலாஸுக்கு 41, கிம்லிக்கு 42. இது நகைச்சுவையாகவே சொல்லப்படுகிறது. பகைவனுக்காக அங்குப் போரிட்ட மலைநாட்டு மனிதரோ சரணடைந்ததும் மன்னிக்கப்பட்டு, உடைந்த மதிலைக் கட்டும் வேலைக்கு விடப்படுகின்றனர்; உயிரோடு எரிக்கப்படுவோம் என்று அஞ்சியிருந்த அவர்கள் அவ்விரக்கத்தைக் கண்டு வியக்கின்றனர். ஓர்க்குகளோ காட்டுக்குள் ஓடுகின்றனர். ஒருவரும் வெளியே வரவில்லை. மற்றோரிடத்தில், சௌரானுக்காகப் போரிட வந்த தென்னாட்டு மனிதன் ஒருவன் சாமின் முன்னே இறந்து விழுகிறான். அவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், மெய்யாகவே தீய நெஞ்சினனா, பொய்யும் மிரட்டலும் அவனை வீட்டிலிருந்து இழுத்துவந்தனவா என்று சாம் எண்ணுகிறான். போர்க்கதைகளில் இத்தகைய இரக்கம் அரிது. ஆனால் பெயரும் எண்ணும் கசையும் உடையவர்களாக நமக்குக் காட்டப்பட்ட ஓர்க்குகளுள் ஒருவனுடைய பிணத்தருகே இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை.

வீரகாவியத்தில் அரக்கர் அரக்கராகவே நிற்கவேண்டும், அவர்கள் தீமையின் உருவகம், அவர்களுக்கு இரங்கச் சொல்வது இலக்கிய வகையை அறியாமை என்று மறுப்போர் உளர். பாடி மகிழும் அரக்கர்க்கு இது பொருந்தலாம். ஆயினும் தம் அரக்கர் உண்பர், அஞ்சுவர், எசமானரை வெறுப்பர் என்று ஆசிரியரே எழுதியபின் இவ்வரண் நிலைக்காது. அவரும் அதில் தங்கவில்லை. மகன் போர்ப்பணியில் இருந்த 1944 இல் அவனுக்கு எழுதிய மடல்களில், மெய்வாழ்வில் ஓர்க்குகள் இரு பக்கமும் உள்ளனர் என்றார். 1954 இல் வாசகர் ஒருவருக்கு வரைந்து அனுப்பாமல் விட்ட நீண்ட மடலில், மீளவே முடியாத தீயோர் என்று ஓர்க்குகளைப்பற்றி எழுதவந்து, அது அளவு மீறிய சொல் என்று தம்மைத் தடுத்துக்கொள்கிறார். ஓர் இனம் முழுவதையும் மீட்புக்கு அப்பாற்பட்டதாகக் காட்டுவது சமயப்புரட்டாகாதா என்பதைக் குறித்துக் கவிஞர் ஆடனுக்கு 1965 இல் எழுதியபோது, கதையை முறைப்பட்ட இறையியலுக்குப் பொருத்தும் கடமை தமக்கில்லை, கிறிஸ்தவச் சிந்தனையோடு இசைந்திருக்கவே விரும்பினேன் என்றார். இது நழுவும் விடை. தனிமையில் அவர் இவ்வளவு எளிதாக நழுவவில்லை. 1993 இல் வெளிவந்த 'மோர்காத்ஸ் ரிங்' என்னும் தொகுதியிலுள்ள பிற்காலக் குறிப்புகளில், ஓர்க்குகள் கெடுக்கப்பட்ட எல்ஃபுகளா, கெடுக்கப்பட்ட மனிதரா, பேசப் பழக்கிய விலங்குகளா என்று மாறிமாறி எழுதிப் பார்க்கிறார். விலங்குகள் என்றால் கொலைக்குக் குற்றமில்லை. ஆனால் ஷாக்ராடின் பேச்சைக் கிளிப்பேச்சு என்று எவர் நம்புவார்?

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1958 இல் ஒரு திரைக்கதை முயற்சியைக் குறித்து எழுதியபோது, ஓர்க்குகளின் தோற்றத்தை ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலிய வகையினரின் இழிந்த வடிவமாக அவர் வருணித்தார். யூதரைப்பற்றிய இனக்கொள்கையை ஜெர்மன் பதிப்பகத்தார் வினவியபோது 1938 இல் வெகுண்டு மறுமொழி வரைந்தவரும் இவரே. எனினும் இவ்வருணனை அவருடைய காலத்து ஐரோப்பியப் பார்வையின் கறை. இரக்கத்துக்குரியோர் வட்டத்திலிருந்து ஓர் இனத்தை நீக்க முகத்தின் வடிவமே போதுமானதாயிருந்தது என்பதற்கு இது சான்று. 2024 இல் வெளியான 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவம் ஓர் ஓர்க்குக் குடும்பத்தைக் கைக்குழந்தையோடு காட்டியபோது எழுந்த கூக்குரலையும் இங்கு நினைக்கிறோம். தந்தையின் சாவுக்குப் பழிதீர்க்க வரும் போல்க் என்னும் ஓர்க்கு 'தி ஹாபிட்' நூலிலேயே உண்டு. குழந்தைப் பருவம் இன்றி மகன் ஆனவன் யார்?

சௌரான் வீழ்ந்தபின் அரசனாகும் அரகோர்ன் சரணடைந்த கிழக்கத்தியரை விடுவிக்கிறான்; தென்னாட்டாரோடு சமாதானம் செய்கிறான்; மோர்டோரின் அடிமைகளை விடுதலை செய்து, நூர்னென் ஏரியைச் சூழ்ந்த நிலங்களை அவர்களுக்கே உரிமையாக்குகிறான். உழுதவர்க்கு நிலம் என்ற அளவில் இது கதையின் மிக நீதியான செயல். மண்வெட்டி ஏந்திய அடிமைக்கு விடுதலை வந்தது. ஈட்டி ஏந்திய அடிமையைப்பற்றி, தலைவன் அழிந்ததும் சிலர் தம்மையே மாய்த்துக்கொண்டனர், சிலர் பொந்துகளுக்குள் ஓடி ஒளிந்தனர் என்பதற்குமேல் நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை. சரணடைந்து இரக்கம் கேட்கும் ஓர்க்குக்கு, இழப்பு நேரினும் இரக்கம் காட்டவேண்டும், சிறைப்பட்டவர்களை வதைக்கலாகாது என்பதே ஞானியரின் போதனை என்று டோல்கீன் தம் பிற்காலக் குறிப்பில் எழுதிவைத்தார். போரின் கொடுமையில் அது எப்பொழுதும் கைக்கொள்ளப்படவில்லை என்றும் சேர்த்தார். அவ்வாறு இரக்கம் கேட்கும் ஓர்க்கு ஒருவனையேனும் அவர் கதைக்குள் கொண்டுவரவில்லை. 1937 இல் வெளிவந்த 'தி ஹாபிட்' கதையிலோ, பேயோர்ன் என்னும் நல்லவன் ஒரு கோப்லினைப் பிடித்து விசாரித்துச் செய்தியை வாங்கிக்கொண்டபின், அதன் தலை அவன் வாயிற்புறத்தில் செருகப்பட்டிருக்கிறது. விருந்தினர் அதைப் பார்த்துவிட்டு உணவுக்கு அமர்கின்றனர்.