ராஜாஜி நம்பியதும் நம்பாததும்

ராஜாஜியைப் பற்றி டெல்லித் தமிழர்கள் பேச உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு தரப்பு 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய மூதறிஞரைக் கொண்டாடும். இன்னொரு தரப்பு 'குலக்கல்வி' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடும். சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி இந்த இரண்டுக்கும் நடுவே காணாமல் போய்விடுகிறார். எனக்கு அந்த ராஜாஜியிடம்தான் மதிப்பு அதிகம், வழக்கும் அவரோடுதான்.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஜூனில் சென்னையில் புதுக்கட்சி அறிவிக்கப்பட்டபோது ராஜாஜிக்கு எண்பது வயது. கவர்னர் ஜெனரல் பதவி, பாரத ரத்னா எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த வயதிலே ரங்காவையும் மசானியையும் சேர்த்துக்கொண்டு 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்' என்று நேருவின் ஆட்சியைத் தாக்கக் கிளம்பினார். 1962-ல் மக்களவையில் 18 இடம், 1967-ல் 44. ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் வந்து சேர்ந்ததால் பணக்காரர் கட்சி என்ற பெயரும் வந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அவர் தாக்கிய ராஜ்யம் எங்கோ தூரத்தில் நடக்கவில்லை. லோதி ரோடு ஓரத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து டிபன் டப்பாவோடு கிளம்பிப்போய், ஆலைக்காரர் இன்னொரு தறி போடலாமா கூடாதா என்று கோப்பில் குறிப்பு எழுதியவர்களிலே நம்மவர்களும் உண்டு. சாயங்காலம் வீடு திரும்பி 'கல்கி'யில் அதே ராஜாஜியைப் படித்தவர்களும் அவர்கள்தான். சோறு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்! 1991 ஜூலையில் 18 தொழில்கள் நீங்கலாக லைசென்ஸ் ஒழிந்தது. ராஜாஜி போய்ப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

அவருடையது வெறும் வியாபாரிகள் வாதம் அல்ல. தர்மமும் குடும்பமும் மனிதனைக் கட்டி நிறுத்தினால், அரசாங்கம் கட்டவேண்டியது குறையும் என்பது அதன் அடித்தளம். 1952-ல் சென்னை முதலமைச்சராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தாரே, அது இந்த நம்பிக்கையால்தான். மத்தியில் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் பேச்சு பலிக்கவில்லை.

ஆனால் நெல் வியாபாரியை நம்பியவர் குடிகாரனை நம்பவில்லை. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு; போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி. வரிக்கும் உத்தரவுக்கும் எதிராகக் கட்சி கண்டவர் கணக்கிலே இந்த வரவும் இருக்கிறது. 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியைக் கொண்டுவந்தவரும், பிற்பாடு இந்தித் திணிப்பை எதிர்த்தவரும் இவரே. மாறினார் என்று பாராட்டலாம். முதல் முறை எதற்கு உத்தரவு போட்டார் என்று கேட்கவும் வேண்டும்.

1953 ஆரம்பக் கல்வித் திட்டத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மிச்ச நேரம் வீட்டுத் தொழில். இடமும் வாத்தியாரும் பற்றாக்குறை, ஷிப்ட் முறையில் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்ற அவர் கணக்கு தப்பில்லை. கைத்தொழில் மேல் வைத்த மரியாதையும் போலி இல்லை. ஆனால் அப்பன் தொழில் என்றாலே சாதி என்று அர்த்தமாகிற ஊரிலே, பிள்ளையின் மத்தியானத்தை எப்படிக் கழிப்பது என்று கோட்டையிலிருந்து தீர்மானிக்கலாமா? தறிக்குப் பெர்மிட் கூடாது என்றவர், தறிக்காரர் மகனுக்கு டைம்-டேபிள் போட்டார். எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

சரி, சர்க்கார் ஒதுங்கிவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா? லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. தமிழர்களே சேர்ந்து ஏற்படுத்திக்கொண்ட கழகம் அது. ராஜாஜி சொன்ன சமூகம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதற்கும் அரசு மானியம் வேண்டியிருக்கிறது. மேலும், மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் கழகம் வைப்பார்கள். 1953-ல் கூலிக்காரர் வீட்டுக்கு ஏது கழகம்? அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு. அதை மறைத்துவிட்டு சுதந்திரம் பேசுவது எங்கள் கட்சிக்காரர்களுக்கு அழகில்லை.

பணத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும், பள்ளியைத் தாய் தகப்பன் தேர்ந்தெடுக்கட்டும் என்பேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஒதுக்கி அந்தப் பக்கம் ஓரடி வைத்தது. அதே சட்டம் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் விதி போட்டு, சந்துக்குள் நடக்கிற சின்னப் பள்ளிகளின் வாசலில் இன்ஸ்பெக்டரையும் கொண்டுவந்து நிறுத்தியது.