ஆறு கான்வாஸ், மூன்று கோடு

ஓவியர் ஹாக்னி என்றதும் நீச்சல் குளங்களைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. கலிபோர்னியாவின் அந்த நீலம் எனக்கும் பிடிக்கும். ஆனால் என் ஹாக்னி, யார்க்ஷயரின் பிரிட்லிங்டனுக்குத் திரும்பி வந்த ஹாக்னி. அதிலும் 2006. அதிலும் வோல்ட்கேட் காட்டு ஓவியங்கள். இன்னும் குறுக்கிச் சொல்லச் சொன்னால், அந்த ஓவியங்களில் ஆறு கான்வாஸ்கள் ஒன்றோடொன்று சேருகிற கோடுகள்.

மேலே மூன்று, கீழே மூன்று. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு நான்கடி. சேர்த்து மாட்டினால் ஆறடி உயரம், பன்னிரண்டடி அகலம். நெட்டாக இரண்டு கோடு, குறுக்கே ஒன்று. 2012இல் லண்டன் ராயல் அகாதெமியில் அவற்றின் முன் நின்றபோது, முதல் பத்து நிமிடம் எல்லோரையும் போல நானும் நிறத்தைத்தான் பார்த்தேன். அக்டோபர் ஓவியத்தில் தரையெல்லாம் ஆரஞ்சு. பிறகு அந்தக் குறுக்குக் கோடு கண்ணில் பட்டது. பட்ட பின் வேறெதையும் பார்க்க முடியவில்லை. உயர்ந்த மரங்களை அது நடு உடம்பில் வெட்டிக்கொண்டு போகிறது. மேல் கான்வாஸிலிருந்து இறங்கி வரும் மரம் கீழ்க் கான்வாஸில் கால் வைக்கும்போது, தூரிகை ஒருமுறை நின்று மறுபடி கிளம்பியிருப்பது கிட்டே போனால் தெரியும். கிளை அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறது. ஆனால் அதே மூச்சில் போய்ச் சேரவில்லை.

இதைக் குறை என்று சொல்லும் நல்ல ரசிகர்களை எனக்குத் தெரியும். பன்னிரண்டடித் துணியைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால் துண்டு துண்டாக வரைந்தார், வேறொன்றும் இல்லை என்பார்கள். காரணம் சரிதான். ஸ்டுடியோவில் உட்கார்ந்து வரையாமல் அந்த இடத்திலேயே நின்று வரைந்ததால், வண்டியில் ஏறுகிற அளவில்தான் கான்வாஸ் இருக்க முடியும். ஆனால் மறைக்க நினைத்திருந்தால் அவரால் மறைத்திருக்க முடியாதா? 1982இல் போலராய்டு படங்களை வெள்ளை விளிம்போடு அடுக்கிப் பார்த்த கை அது. 1986இல் ‘பேர்ப்ளாஸம் நெடுஞ்சாலை’யில் நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒட்டி ஒரு சாலையைக் கட்டிய கை. கேமரா ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது என்பது அவருடைய பழைய சண்டை. காட்டுக்குள் நிற்கும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்புகிறோம், நிமிர்கிறோம், காலடியில் எதையோ மிதித்துக் குனிகிறோம். அந்த மூன்று கோடுகளும் தலை திரும்பிய இடங்கள்.

நான் மாணவனாக இருந்தபோது, ஒரு மரம் ஒரு தாளில் அடங்காமல் இரண்டு தாள்களை ஒட்டி வரைந்தேன். ஒட்டு தெரிகிறது என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அன்று அது நியாயம் என்று நினைத்தேன். இன்று நினைக்கவில்லை.

தலைப்புகளையும் கவனியுங்கள். ‘வோல்ட்கேட் காடு, 24, 25, 26 அக்டோபர் 2006’. மூன்று நாள், தொடர்ச்சியாக. ஆனால் ஜூலை ஓவியத்தில் 26, 27, 30 என்று இருக்கிறது. நவம்பரில் ஒன்று 21, 23, 29. அந்த 22ஆம் தேதி என்ன ஆயிற்று? மழையா, வெளிச்சம் போதவில்லையா? 23க்கும் 29க்கும் நடுவே உதிர்ந்த இலைகளை என்ன செய்தார்? நாட்களுக்கு நடுவிலும் ஒரு கோடு இருக்கிறது, அதையும் அவர் மறைக்கவில்லை. ஒரே காட்டுக்கு ஒரே வருடத்தில் திரும்பத் திரும்பப் போனவர், போகாத நாட்களைக்கூடத் தலைப்பில் காட்டிவிடுகிறார்.

மறுவருடம் வந்த ‘வார்ட்டர் அருகே பெரிய மரங்கள்’தான் உச்சம் என்பவர்கள் அதிகம். 50 கான்வாஸ், நாற்பதடி அகலம். ஸ்டுடியோவில் பின்னால் தள்ளி நின்று பார்க்க இடமில்லாமல், ஒவ்வொரு கான்வாஸையும் படம் எடுத்துக் கணினியில் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வரைந்தது. டேட் அருங்காட்சியகத்துக்கு அதை அவர் பரிசாகக் கொடுத்தது பெரிய மனசு. அந்தப் பிரம்மாண்டத்தின் முன் நானும் வாயடைத்து நின்றிருக்கிறேன். ஆனாலும் 50 என்பது கட்டம் போட்ட தாள் ஆகிவிடுகிறது. ஆறு என்பது இன்னும் ஒரு மனிதனின் இரண்டு கைக்குள் இருக்கிறது. 2011 வசந்தத்துக்கு ஐபேடில் வரைந்தவற்றைப் பற்றியும் இப்படித்தான். சின்னத் திரையில் அவை துள்ளுகின்றன. சுவர் அளவுக்கு அச்சிட்டால் பச்சை கண்ணாடிபோல் வழுக்குகிறது. கை நின்று கிளம்பிய இடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்போது கண்காட்சிகளில் நிலக்காட்சி என்று தொங்கவிடப்படுபவற்றில் பெரும்பகுதி கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்தது. அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிடும். ஓரத்து மரங்கள் லென்ஸின் இழுப்பில் சாய்ந்திருக்கும். நிழல் வெறும் கறுப்பாக இருக்கும், அதற்குள் ஊதாவோ பச்சையோ தேடினால் கிடைக்காது. வானம் வெளிறி எரிந்திருக்கும். நல்ல கைகள்தான், அதனால்தான் மனசு வலிக்கிறது. ஒரு பிற்பகல் அந்த மரத்தடியில் நின்றிருந்தால் நிழலுக்குள் கண் பழகி எல்லாம் தெரிந்திருக்கும்.

கேமராவே கூடாது என்பதல்ல. அதே வோல்ட்கேட் காட்டுச் சாலையில் ஜீப்பில் ஒன்பது கேமராக்களைக் கட்டி, மெல்ல ஓட்டி, நான்கு பருவங்களையும் ஹாக்னி வீடியோவாக எடுத்திருக்கிறார். பருவத்துக்கு ஒன்பது திரை, மொத்தம் 36. ஒவ்வொரு கேமராவும் சற்றே வேறு கோணத்தில், வேறு வெளிச்சத்தில். பனிக்காலத்தின் முன்தான் அதிகம் நின்றேன். வெள்ளை போர்த்த கிளை ஒன்று மெதுவாக நகர்ந்து திரையின் விளிம்புக்கு வருகிறது, பாதி மறைகிறது, அடுத்த திரையில் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் நீலமாக நுழைகிறது.